உங்கள் பிள்ளை காற்பந்தில் எவ்வளவு தூரம் போவான்? திறனை மதிப்பிடப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மாவட்டப் பள்ளிப் போட்டிகள் முடிந்த கையோடு கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இந்தியக் குடும்பங்களில் ஒரே பேச்சு எழும். பையன் நான்கு ஆட்டத்தில் ஆறு கோல் போட்டிருப்பான். திடலோரம் நின்ற ஒருவர் அப்பாவின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போயிருப்பார். மாதக் கட்டணம் கட்டி அகாடமியில் சேர்ப்பதா? படிவம் ஒன்றுக்கு விளையாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பிப்பதா? வெளிநாட்டுப் பயிற்சி என்கிறார்களே, அதை நம்புவதா? காப்பார் தோட்டப்புறத்திலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இவன் உண்மையிலேயே தேறுவானா?

இதற்குத் தவறான பதில் இரண்டு வகையில் இழப்பைத் தரும். இல்லாத திறமையை இருப்பதாக நம்பினால் குடும்பத்தின் சேமிப்பும் பையனின் எஸ்.பி.எம். தேர்வும் அடிபடும். இருக்கிற திறமையை இல்லை என்று ஒதுக்கினால் ஒரு நல்ல ஆட்டக்காரன் 14 வயதிலேயே திடலை விட்டுப் போய்விடுவான். திறனாய்வாளர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்த்து ஏமாறுகிறார்கள், பெற்றோர் தாங்களே எதைக் கணிக்கலாம் என்பதை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

இன்றைய ஆட்டம் ஒன்று, நாளைய ஆட்டம் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இன்று வெளிப்படும் ஆட்டம். மற்றொன்று, நாளை வளரக்கூடிய திறன். 12 வயதில் கோல் மழை பொழிகிறவன் 20 வயதிலும் அப்படியே ஆடுவான் என்று பொருளில்லை.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் துறையினர். அங்கே இளம் ஆட்டக்காரர் நேராகப் பெரிய லீக்கிற்குப் போவதில்லை. மைனர் லீக் எனப்படும் படிநிலைகளில் ஏறித்தான் போக வேண்டும். தொடக்க நிலைக்கு மேல் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகள். ஆயிரக்கணக்கானோர் ஏறத் தொடங்குவார்கள். பெரும்பாலோர் உச்சிக்குப் போகமாட்டார்கள். ஆகவே யார் தேறுவார் என்று கணிப்பது அங்கே தனித் தொழிலாகவே இருக்கிறது.

அவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் 20 முதல் 80 வரை ஓடும். பெரிய லீக்கில் ஆடும் சராசரி ஆட்டக்காரரின் தரம் 50. அதற்கு மேல் 60 என்றால் நல்ல திறமை. 80 என்பது மிக அபூர்வம். பந்தடித்தல், அடியின் வலு, ஓட்டம், எறியும் கையின் பலம், பந்து தடுத்தல் என்று ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனிப் புள்ளி. முக்கியமான செய்தி, ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு புள்ளிகள் போடுவார்கள் என்பதுதான்: இன்று எவ்வளவு, முழு வளர்ச்சி அடைந்தபின் எவ்வளவு. ஒரு 17 வயதுப் பையனுக்கு இன்று 30, நாளை 55 என்று எழுதுவது அங்கே சாதாரணம்.

நம் திடல்களில் இந்த இரண்டாவது புள்ளியை யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் உயரமான பையன் தேர்வாகிறான், சிறிய உருவம் கொண்டவன் வீடு திரும்புகிறான்.

நான்கு மூலைகள்

காற்பந்தில் திறனைப் பொதுவாக நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் இதை நான்கு மூலைகள் என்ற முறையாகவே பயிற்றுநர்களுக்குக் கற்பிக்கிறது. நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பும் நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம் என்ற நான்கைத்தான் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறது.

பந்து நுட்பம்: கோல் எண்ணிக்கையை விட முதல் தொடுதலைப் பாருங்கள். வேகமாக வரும் பந்தை வாங்கும்போது அது காலடியில் நிற்கிறதா, இரண்டு முழம் தள்ளி ஓடுகிறதா? வலது, இடது இரண்டு காலாலும் பந்தைக் கொடுக்கிறானா? எதிராளி நெருக்கும்போது நுட்பம் குலைகிறதா? யாரும் இல்லாத இடத்தில் பந்தைத் தட்டி வித்தை காட்டுவது ஒரு திறமைதான். ஆனால் நெருக்கடியில் அது நிற்கிறதா என்பதே கணக்கு.

ஆட்ட அறிவு: பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்க்கிறானா என்று எண்ணுங்கள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது இதைத்தான். சிறந்த மத்தியத் திடல் ஆட்டக்காரர்கள் பந்து வருவதற்கு முன்பே சுற்றுப்புறத்தைப் பல முறை நோட்டமிடுகிறார்கள். இதை எந்தப் பெற்றோரும் திடலோரம் நின்றே கவனிக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். பத்து முறை பந்து வருகிறது என்றால் எத்தனை முறை முன்கூட்டிப் பார்த்தான்?

உடல்: வேகம், திரும்பும் சுறுசுறுப்பு, மீண்டும் மீண்டும் ஓடும் தாக்குப்பிடிப்பு. 10 மீட்டர், 30 மீட்டர் ஓட்டம், டென்மார்க்கின் ஜென்ஸ் பேங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனை போன்றவற்றைப் பல பயிற்சிக் கூடங்கள் நடத்துகின்றன. இவற்றின் எண்கள் பயனுள்ளவை. ஆனால் பருவ வளர்ச்சி முடியாத பையனிடம் இவையே அதிகம் ஏமாற்றும் எண்களும்கூட. காரணத்தைக் கீழே பார்ப்போம்.

மனம்: கோல் விட்ட பின் ஐந்து நிமிடம் எப்படி ஆடுகிறான்? பயிற்றுநர் மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கிறது? திருத்தம் சொன்னால் அடுத்த வாரம் அது ஆட்டத்தில் தெரிகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கற்றுக்கொள்ளும் வேகம் உள்ளவனின் நாளைய புள்ளி கூடிக்கொண்டே போகும்.

பிறந்த மாதம் செய்யும் மாயம்

வயதுப் பிரிவுப் போட்டிகள் பிறந்த ஆண்டை வைத்தே நடக்கின்றன. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 12 வயதில் அந்தப் பதினோரு மாத இடைவெளி மிகப் பெரியது. உயரத்திலும் பலத்திலும் நிதானத்திலும் மூத்தவன் முந்துவான். அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானவனுக்கு நல்ல பயிற்றுநர், நல்ல திடல், அதிக ஆட்டங்கள். அடுத்த ஆண்டு அவன் உண்மையாகவே மேலானவனாக ஆகிவிடுவான்.

கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980களில் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. அதன் பின்னர் பல நாடுகளின் காற்பந்து அகாடமிகளிலும் இதே போக்கு காணப்பட்டது. ஆகவே உங்கள் பிள்ளை அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பிறந்து, தன் பிரிவில் நடுத்தரமாக ஆடுகிறான் என்றால், அந்த நடுத்தரம் காட்சிக்குத் தெரிவதைவிட மேலானதாக இருக்கக்கூடும். ஜனவரியில் பிறந்து முதலிடத்தில் இருப்பவன் என்றால், உடல் பலத்தைக் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

வளர்ச்சிப் பருவத்தை அளப்பது எப்படி?

பிறந்த மாதத்தை விடவும் பெரிய வேறுபாடு பருவ வளர்ச்சியில் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் சராசரியாக 14 வயதையொட்டியும் பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் மிக வேகமாக உயரம் கூடுகிறார்கள். ஆனால் இது சராசரிதான். ஒருவனுக்கு 12 வயதிலேயே வரும். மற்றொருவனுக்கு 16 வயது ஆகும். ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் உடல் வளர்ச்சியில் மூன்று நான்கு ஆண்டு விலகி இருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இரண்டு.

ஒன்று, மூன்று மாதத்திற்கு ஒருமுறை சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வளர்ச்சி எப்போது வேகமெடுத்தது, எப்போது தணிந்தது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு, பெற்றோர் உயரத்தை வைத்து ஓர் உத்தேசக் கணக்கு. ஆண் பிள்ளைக்கு அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு 13ஐக் கழித்து வகுக்க வேண்டும். அப்பா 170, அம்மா 156 சென்டிமீட்டர் என்றால் மகனுக்கு 169.5 வரும். இதிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போகலாம். இது சோதிடம் இல்லை. ஒரு திசைகாட்டி மட்டுமே. 13 வயதில் 168 இருக்கும் பையனுக்கு இந்தக் கணக்கு 170 காட்டுகிறது என்றால் அவன் உயரத்தில் பெரும்பகுதியை எட்டிவிட்டான், சகாக்கள் இனிமேல்தான் எட்டப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் அகாடமிகள் இதற்காகவே சில போட்டிகளில் வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிடுகின்றன. முன்கூட்டி வளர்ந்தவன் பலத்தால் வெல்ல முடியாமல் மூளையைப் பயன்படுத்தக் கற்கிறான். மெதுவாக வளர்பவனுக்குத் தன் திறமையைக் காட்ட இடம் கிடைக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் பையன் தடுமாறுவான். கால் எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வருவது இந்தப் பருவத்தில் பரவலாகக் காணப்படுவது. “சோம்பேறி ஆகிவிட்டான்” என்று திட்ட வேண்டாம். அந்த ஆறு மாத ஆட்டத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வலி நீடித்தால் பயிற்சியைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எதிராக ஆடினான்?

பேஸ்பால் திறனாய்வாளர் ஒருவர் எண்களைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி, “இவருக்கு வயது என்ன, எந்தப் படியில் ஆடுகிறார்?” என்பது. 24 வயதில் கீழ்ப்படியில் பிரகாசிப்பதை விட, 19 வயதில் மேல்படியில் சமாளிப்பது பெரிது. இந்த ஒரு விதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவந்தால் பல மயக்கங்கள் தெளியும்.

பள்ளிக்குள் நடக்கும் ஆட்டம், மாவட்டம், மாநிலப் பள்ளிகள் போட்டி, தேசியப் பள்ளிகள் போட்டியான எம்.எஸ்.எஸ்.எம். என்பது பள்ளி வழிப் படிகள். அதற்குமேல் மாநிலத்தின் அல்லது கிளப்பின் இளையோர் அணிகள் ஆடும் பியாலா பெலியா, பியாலா பிரசிடன் போட்டிகள். அதன் பிறகே தொழில்முறைக் காற்பந்து. வார இறுதியில் நடக்கும் எழுவர் போட்டியில் ஆட்ட நாயகன் விருது வாங்குவது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது முதல் படி. அங்கே பத்து கோல் அடிப்பதைக் காட்டிலும் ஒரு வயது மூத்த பிரிவில் முழு ஆட்டம் தாக்குப்பிடிப்பதே திறனைக் காட்டும் நல்ல அறிகுறி.

பையன் தன் பிரிவில் மிக எளிதாக வெல்கிறான் என்றால், மூத்தவர்களோடு சில ஆட்டங்கள் ஆட வாய்ப்புக் கேளுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. எப்படித் தோற்கிறான், மூன்றாவது ஆட்டத்தில் என்ன மாற்றினான் என்பதில்தான் பதில் இருக்கிறது.

எந்த இடத்தில் ஆடுகிறான்?

எல்லா இடங்களும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. பக்கவாட்டில் வேகமாக ஓடும் தாக்குதல் ஆட்டக்காரர்கள் இளம் வயதிலேயே கண்ணில் படுவார்கள். கோல் காவலர்களும் மத்தியத் தற்காப்பு ஆட்டக்காரர்களும் பிந்தித்தான் தெரிவார்கள். அனுபவமும் நிதானமும் அவர்கள் வேலையில் பாதி.

நமக்குத் தெரிந்த உதாரணம் சிலாங்கூர், மலேசிய அணிகளின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பறித்த விதத்திற்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்தவர். 1953இல் பிறந்த அவர், 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது 27 வயதில் இருந்தார். அந்தப் போட்டியை மலேசியா பின்னர் புறக்கணித்தது வேறு கதை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ படத்தில் வரும் கோல் காவலர் பாத்திரத்திற்கு அவரே முன்மாதிரி. 13 வயதில் கோல் கம்பத்துக்கு நடுவே தடுமாறும் பையனை அவசரப்பட்டு மாற்றக்கூடாது என்பதற்கு, கோல் காவலர்களின் முதிர்ச்சி எந்த வயதில் வருகிறது என்பதே போதுமான சான்று.

கணிப்புகள் தவறிய கதைகள்

உலகின் மிகத் தேர்ந்த திறனாய்வாளர்களே தவறுகிறார்கள். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லருக்கு நியூயார்க் யாங்கீஸ் 15 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஒரு கைகலப்பில் தோள் காயமடைந்தது. அவர் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1988இல், 62ஆவது சுற்றில், குடும்ப நண்பர் ஒருவரின் தயவில் எடுக்கப்பட்டவர் மைக் பியாஸா. 2016இல் அவர் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெபீல்ட் வெட்னஸ்டே கிளப் விடுவித்தது. உருவம் சிறியது என்பது காரணம். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்மட்ட லீக்கில் ஆடினார். 25 வயதில் லெஸ்டர் சிட்டி வாங்கியது. 2016இல் பிரிமியர் லீக் வெற்றியாளர்.

நம் நாட்டில் லுக்மான் ஹாக்கிம் ஷம்சுடினின் பாதை கவனிக்கத்தக்கது. பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியில் உருவானவர். 2018இல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் 5 கோல் போட்டு, அதிகக் கோல் அடித்தோர் வரிசையில் முன்னணியில் நின்றார். மறு ஆண்டு இங்கிலாந்தின் கார்டியன் நாளேடு வெளியிட்ட உலகின் 60 இளம் ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். பெல்ஜியத்தின் கே.வி. கோர்ட்ரைக் ஒப்பந்தம் செய்தது. ஆனால் முதல் அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. ஐஸ்லாந்து, ஜப்பான் கிளப்புகளில் இரவலாக ஆடினார். இது திறமை இல்லை என்பதற்குச் சான்றில்லை. 16 வயதில் ஆசிய அளவில் தலைசிறந்தவராக இருப்பதற்கும் 20 வயதில் ஐரோப்பிய முதல்நிலை அணியில் வாரந்தோறும் ஆடுவதற்கும் இடையே எவ்வளவு பெரிய தூரம் இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. அந்த வயதில் ஒரு இளைஞனுக்கு மிகவும் தேவைப்படுவது ஆட்ட நிமிடங்கள்.

இந்தியாவின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் கதையும் இதே பாடம்தான். ஈட்டி எறியும் பயிற்சியில் இருந்த இருவரும் 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பந்தை வேகமாக எறிந்து தேர்வானார்கள். அதற்கு முன் அவர்களுக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. கையின் வேகம் என்ற ஒரு திறன் இருந்தது. சிறு வயதிலிருந்து ஆட்டத்தில் ஊறிய அறிவு இல்லை. தினேஷ் இரண்டு ஆண்டில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங்கிள் ஏ வரை ஏறி, காயங்களால் நின்றுபோனார். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் ஒப்பந்தக் காட்சியோடு நிறைவு பெறலாம். வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. ஒரே ஒரு அபாரத் திறனை வைத்து முழு ஆட்டக்காரரைக் கணிக்கக்கூடாது.

ஒரே ஆட்டத்தை வைத்தும் கணிக்கக்கூடாது. பயிற்றுநர் கே. ராஜகோபால் வழிநடத்திய மலேசிய அணி 2010 சுசூகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அன்றே அந்த இளம் அணியை எழுதித் தள்ளியவர்கள் பலர். அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்று, இரு ஆட்ட மொத்தத்தில் 4-2 எனக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

திறமை மட்டும் போதாது, பாதையும் வேண்டும்

மதிப்பீட்டில் பெற்றோர் மறக்கும் பகுதி இது. பிள்ளையின் திறன் ஒரு பக்கம். அது வளர்வதற்கான இடம் இருக்கிறதா என்பது மறுபக்கம்.

இந்திய இளைஞர்களுக்கு ஒரு காலத்தில் தெளிவான பாதை கண்ணுக்குத் தெரிந்தது. மிஃபா எனப்படும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, மிஸ்க்-மிஃபா என்ற பெயரில் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி எப்.சி. என்ற பெயரோடு சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. நம் பிள்ளைகள் பலர் அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆனார்கள். 2022 பருவத்திற்குப் பின் அந்த அணி லீக்கிலிருந்து விலகியது. இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கும் அதே பருவத்தோடு நின்றது. ஆகவே இன்றைய 16 வயது இளைஞனுக்குக் கதவுகள் குறைவு, போட்டி அதிகம். பத்து ஆண்டுக்கு முன்பு மாமா மகன் போன வழியை வைத்து இன்றைய வாய்ப்பைக் கணக்கிட முடியாது.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை, போக்குவரத்து. பயிற்சி ஷா ஆலத்தில், வீடு பந்திங்கிற்கு அப்பால் என்றால் வாரம் மூன்று நாள் யார் அழைத்துப் போவது? பயணத்திற்கே மூன்று மணி நேரம் போனால் தூக்கமும் படிப்பும் கெடும். அருகிலுள்ள நல்ல பயிற்றுநர், தொலைவிலுள்ள பெயர்பெற்ற அகாடமியை விடப் பல நேரங்களில் மேலானவர்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான். அவர்களின் வளர்ச்சிப் பருவம் ஓரிரு ஆண்டு முன்னதாக வருவதால், 11, 12 வயது ஆட்டத்தை வைத்து அவசரமாக முடிவெடுப்பது அவர்கள் விஷயத்தில் இன்னும் பெரிய பிழையாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பெண்களுக்கான அணிகள் குறைவு என்பதால், ஆண் பிள்ளைகளோடு பயிற்சி செய்ய அனுமதிக்கும் பயிற்றுநரைத் தேடுவது பயன் தரும்.

ஏஜெண்டு வந்தால்

திறமை தெரிந்தவுடன் கனவு விற்பவர்களும் வருவார்கள். உலகக் காற்பந்துச் சம்மேளனமான பிபாவின் சில அடிப்படை விதிகளைத் தெரிந்து வைத்திருந்தால் பல ஏமாற்றுகளைத் தவிர்க்கலாம்.

18 வயது நிரம்பாத ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கிளப்பிற்கு மாற்றலாவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கும் முறையான ஒப்புதல் தேவை. ஆகவே “15 வயதில் ஐரோப்பியக் கிளப்பில் ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன்” என்று எவர் சொன்னாலும் உடனே எச்சரிக்கையாகுங்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

ஏஜெண்டாகச் செயல்படுபவருக்குப் பிபா உரிமம் இருக்க வேண்டும். வயது குறைந்த ஆட்டக்காரரை அணுகுவதற்கு முன் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

வெளிநாட்டுத் தேர்வு முகாம் என்று பணம் கேட்டால், அந்தக் கிளப்பிற்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி விசாரியுங்கள். ஒரு கிளப் உண்மையிலேயே ஒரு பையனை விரும்பினால், வழக்கமாகச் செலவை ஏற்பது கிளப்தான். பணம் குடும்பத்திடமிருந்து வெளியே போகிறது என்றால் நீங்கள் வாங்குவது வாய்ப்பை அல்ல, சுற்றுலாவை.

வீட்டில் ஒரு மதிப்பீட்டு ஏடு

ஒரு சாதாரணப் பள்ளி நோட்டு போதும். ஒவ்வொரு மூன்று மாதத்திற்கும் ஒரு பக்கம். அதில் எழுத வேண்டியவை:

1. தேதி, வயது, உயரம், எடை.

2. ஆடிய ஆட்டங்கள், ஆடிய நிமிடங்கள், எந்த நிலைப் போட்டி, எதிரணியினர் மூத்தவர்களா.

3. நுட்பம், ஆட்ட அறிவு, உடல், மனம் ஆகிய நான்கிற்கும் இரண்டு புள்ளிகள்: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. அவன் பிரிவில் மாநில அளவில் ஆடும் சராசரிப் பையனை 50 என வைத்துக்கொள்ளுங்கள்.

4. பயிற்றுநர் சொன்ன திருத்தம் ஒன்று. அடுத்த பக்கம் எழுதும்போது அது சரியானதா?

5. காயம், வலி, ஓய்வு நாட்கள்.

6. பள்ளித் தேர்ச்சி.

புள்ளிகளை அப்பா மட்டும் போடக்கூடாது. மகனின் ஆட்டத்தை அப்பா பார்க்கும் கண் வேறு. அவனைப் பயிற்றுவிக்காத வேறொரு பயிற்றுநரிடமும், முடிந்தால் எதிரணிப் பயிற்றுநரிடமும் கேளுங்கள். மூவரின் கணிப்பு ஒன்றாக இருந்தால் அதை நம்பலாம். விலகி இருந்தால், ஏன் என்று விசாரிப்பதே நல்ல பயன் தரும்.

நான்கு பக்கங்கள், அதாவது ஓர் ஆண்டு, சேர்ந்த பிறகே பெரிய முடிவு எடுங்கள். அப்போது பார்க்க வேண்டியது புள்ளியின் உயரத்தை அல்ல, அது போகும் திசையை. 40இல் தொடங்கி 48க்கு வந்தவன், 60இலேயே நிற்பவனைக் காட்டிலும் நம்பிக்கை தருபவன்.

அகாடமியில் பணம் கட்டும் முன்

பயிற்றுநருக்கு ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சி, பி அல்லது ஏ உரிமம் இருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? பருவத்தில் எத்தனை முறையான போட்டிகள்? கடந்த மூன்று ஆண்டில் இங்கிருந்து மாநில அணிக்கோ கிளப்பின் இளையோர் அணிக்கோ போனவர்கள் யார்? பையன் காயமடைந்தால் காப்புறுதி உண்டா? தேர்வு மாதங்களில் பயிற்சி நேரம் குறையுமா? இந்த ஆறு கேள்விக்கும் நேரான பதில் வராத இடத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது விலை அதிகம்தான்.

படிப்பை விட்டுவிட்டுத்தான் காற்பந்து என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வு 35 வயதுக்குள் முடிகிறது. காயம்பட்டால் இன்னும் முன்பே. சம்பளப் பாக்கியால் அணிகள் தடுமாறியதை நம் லீக்கில் பார்த்திருக்கிறோம். எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருந்தால் பயிற்றுநர், நடுவர், உடலியக்க மருத்துவப் பணியாளர், விளையாட்டு அறிவியல் பட்டதாரி என்று ஆட்டத்தை ஒட்டியே வேறு வழிகள் திறந்திருக்கும்.

கடைசியாக, மதிப்பீட்டில் பிள்ளைக்கும் ஒரு குரல் வேண்டும். யாரும் சொல்லாமலே பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போகிறானா என்று ஒரு மாதம் கவனியுங்கள். போகிறான் என்றால் மற்றவற்றை அளக்கத் தொடங்கலாம். போகவில்லை என்றால் எந்த அளவுகோலும் தேவையில்லை. அவன் மகிழ்ச்சிக்காக ஆடட்டும்.